நர்சு வந்தால்தான் நாளா?



வாரத்துக்கு எத்தனை நாள்? பள்ளிப் பிள்ளையைக் கேளுங்கள், ஏழு என்று சொல்லும். ஆலைத் தொழிலாளியைக் கேளுங்கள். ஏழு என்று சொல்லிவிட்டு, ஆறு நாள் கூலி, ஒரு நாள் கடன் என்று மீதிக் கணக்கையும் சேர்த்துச் சொல்வார். ஆனால் அமெரிக்க நாட்டிலே, நோயாளி வீட்டுக் கணக்கை எடுத்துக்கொண்ட சர்க்கார் அலுவலகம் ஒன்று, வாரத்துக்கு ஒரு நாள்தான் என்று எழுதி வைத்தது! வேடிக்கைக்காக அல்ல, விதியாகவே எழுதி வைத்தது. 2021ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொடங்கி, அந்தக் கணக்குப்படிதான் பணம் பட்டுவாடா செய்யப்பட்டது.

நிலவுக்கு ஆள் அனுப்பிய நாடு. செல்வம் கொழிக்கும் நாடு. அந்த நாட்டிலே ஏழு எப்படி ஒன்றாயிற்று? அந்தக் கதையைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

"அயல்நாட்டு விவகாரம் நமக்கு எதற்கையா?" என்று கேட்கும் தோழர் ஒருவர் எப்போதும் உண்டு. கேட்கட்டும், அது நல்ல கேள்வியே. உழைப்பவன் தன் கூலியிலிருந்து காசு கட்டி ஒரு காப்புறுதியைப் பெறுகிறான். சட்டம் அவனுக்கு 'உண்டு' என்கிறது. சட்டத்துக்குக் கீழே, பொடி எழுத்திலே ஒரு விளக்கம் 'இல்லை' என்கிறது. இந்த வித்தை எந்த நாட்டில் நடந்தாலும், பாட்டாளி அதைப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

நாம் 'டிரிப்ஸ் ஏற்றுவது' என்று சொல்கிறோமே, அதுதான் இங்கே பொருள். வாயால் விழுங்க முடியாத மருந்து, விழுங்கினால் பயன் தராத மருந்து. அதை இரத்தக் குழாய் வழியாகத் துளித் துளியாய் உடலுக்குள் செலுத்துகிறார்கள். முன்பெல்லாம் இதற்கு ஆஸ்பத்திரிக் கட்டில்தான் கதி. இப்போது நிலைமை அதுவல்ல. மேற்கையிலே மெல்லிய குழாய் ஒன்றைச் செருகி, அதன் நுனியை இதயத்தின் அருகே கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார்கள். வாரக்கணக்கில் அது அங்கேயே இருக்கும். மருந்து வீட்டுக் குளிர்பெட்டியில் இருக்கும். கைக்கு அடக்கமான பம்பு ஒன்று. அல்லது பந்துபோல் ஊதிய ரப்பர் பை ஒன்று, தானே சுருங்கி மருந்தைத் தள்ளும். மனைவியோ மகளோ கற்றுக்கொண்டு, கையைச் சுத்தமாகக் கழுவிக்கொண்டு, வேளைக்கு மாட்டிவிடுவார்கள். நோயாளி தன் நாற்காலியில் அமர்ந்து பேரப் பிள்ளையோடு பேசிக்கொண்டிருப்பார். 1974லேயே, நுரையீரல் நோயால் அவதிப்பட்ட பிள்ளைகளுக்கு இப்படி வீட்டில் மருந்தேற்றிப் பார்த்து, முடியும் என்று அமெரிக்க மருத்துவர்கள் எழுதி வைத்தனர்.

மனைவி மாட்டிவிடுகிறாள் என்றால், மற்றவர்களுக்கு வேலையில்லை என்று எண்ணிவிடாதீர்கள். மருந்தைக் கலப்பவர் ஒருவர் இருக்கிறார். நம் ஊரில் கம்பவுண்டர் என்போமே, அவருடைய மெத்தப் படித்த அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தூசு தும்பு அண்டாத அறையிலே, உடல் முழுதும் மூடிக்கொண்டு நின்று, அவர் அந்த மருந்தைக் கலக்க வேண்டும். ஒரு கிருமி உள்ளே போனால் போதும், அது நேரே இரத்தத்துக்குள் போகும். வாரத்துக்கு ஒரு முறை நோயாளியின் இரத்தச் சோதனை முடிவு வரும். சிறுநீரகம் சோர்கிறதா, அளவைக் குறைக்க வேண்டுமா என்று பார்த்து, மருத்துவரோடு பேச வேண்டும். நள்ளிரவில் பம்பு கூவினால், தொலைபேசியை எடுத்துப் பதில் சொல்லவும் ஆள் வேண்டும். நர்சு வாரத்துக்கு ஒரு முறை வந்து, கட்டை மாற்றி, இரத்தம் எடுத்துச் செல்வார். ஆக, நர்சு வருவது ஒரு நாள். மருந்து ஓடுவது ஏழு நாள். அதற்கான உழைப்பும் ஏழு நாள். இந்தக் கணக்கை மனத்தில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

ஒரு தொழிலாளியைக் கற்பனை செய்துகொள்வோம். டெட்ராய்ட் நகரம். கார் தொழிற்சாலை. நாற்பதாண்டு உழைப்பு. சர்க்கரை நோய். காலில் ஒரு புண், செருப்புக் கடித்த புண்தான். கவனியாது விட்டார், சீழ் எலும்புவரை இறங்கிவிட்டது. ஆறு வாரம் இரத்தக் குழாய் வழியே மருந்து ஏற வேண்டும் என்கிறார் மருத்துவர். ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கிவிட்டது. எழுந்து நடக்கிறார். பசிக்கிறது என்கிறார். வீட்டுக்குப் போகலாம்!

போகலாமா?

அவருக்கு வயது 64 என்றால் போகலாம். ஆலை கொடுத்த தனியார் இன்சூரன்சு அவருக்கு இருக்கும். அது மருந்துக்குப் பணம் தரும், பம்புக்குத் தரும், நர்சுக்குத் தரும். மருந்து கலப்பவருக்கும் மேற்பார்வைக்கும் நாட்படி தரும், மருந்து ஏறும் ஒவ்வொரு நாளுக்கும் தரும். தரும சிந்தையாலா? இல்லை தோழர்களே, இல்லை! ஆஸ்பத்திரிக் கட்டிலைவிட வீட்டுக் கட்டில் மலிவு என்று கணக்குப் போட்டுப் பார்த்துத் தருகிறது. இலாபம் தேடும் கம்பெனிகளே வீட்டில் மருந்தேற்றத்துக்கு எல்லாச் செலவையும் ஏற்கின்றன, மெடிகேரில்தான் ஓட்டை இருக்கிறது என்று, 2010ல் அமெரிக்கச் சட்டமன்றத்தின் கணக்காய்வு அலுவலகமே ஆராய்ந்து அறிக்கை தந்தது.

அவருக்கு வயது 65 என்றால்? அந்த வயதில்தான் மெடிகேர் வருகிறது. மக்கள் பணத்தில் நடக்கும் முதியோர் மருத்துவக் காப்புறுதி. 6 கோடிக்கும் மேற்பட்டவர் அதன் நிழலில் இருக்கின்றனர். சம்பளம் வாங்கிய ஒவ்வொரு வாரமும் நம் தொழிலாளி அதற்குக் கட்டியிருக்கிறார். நூறு டாலர் கூலிக்கு 1 டாலர் 45 சென்ட் அவர் பங்கு, அதே அளவு முதலாளியின் பங்கு. பிச்சையல்ல அது, கட்டிய பணம். அந்த மெடிகேர், அறுபத்தைந்தாம் பிறந்தநாள் பரிசாக அவருக்கு என்ன சொல்லிற்று?

"மருந்துக்கு வேண்டுமானால், மருந்துத் திட்டத்தில் தனியே சேர்ந்திருந்தால், பணம் உண்டு. அதை உடலுக்குள் செலுத்தும் குழாய்க்கு இல்லை. கலப்பவருக்கு இல்லை. கண்காணிப்பவருக்கு இல்லை. நர்சா? வீட்டைவிட்டு வெளியே போகவே முடியாதவர் என்று மருத்துவர் எழுதித் தந்தால் பார்க்கலாம்."

சீட்டுண்டு, ரயில் இல்லை! காலை ஊன்றித் தெருமுனைவரை நடந்துவிட்டால், அந்த நர்சும் இல்லை!

அப்படியானால் எங்கே போவார்? நாள் தவறாமல், ஞாயிறும் விடாமல், ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்தேற்றிக்கொண்டு வரலாம். செலவில் நூற்றுக்கு இருபது பங்கு அவர் தலையில். அல்லது முதியோர் மருத்துவ விடுதி ஒன்றில் போய்ப் படுக்கலாம். மூன்று நாளாவது ஆஸ்பத்திரியில் உள்நோயாளியாக இருந்தவருக்கு மெடிகேர் அந்த விடுதிச் செலவைத் தரும். முதல் 20 நாள் முழுதும் தரும். 21ஆம் நாள் முதல் நோயாளி பங்கு கட்ட வேண்டும். 2025ல் அந்தப் பங்கு நாளொன்றுக்கு 209 டாலர் 50 சென்ட். ஆறு வாரம் என்பது 42 நாள். ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் போயிற்று. மீதி 37. அதில் 17 நாள் தன் கைப்பணம். பெருக்கிப் பாருங்கள்: 3,561 டாலர் 50 சென்ட்! மேற்கொண்டு வேறு இன்சூரன்சு வாங்க வசதியில்லாதவருக்கு இந்தத் தண்டம். எழுந்து நடக்கும் மனிதன், பசிக்கிறது என்று சொல்லும் மனிதன், தன் வீடு தெருக்கோடியில் இருக்க, விடுதிக் கட்டிலில் கிடக்க வேண்டும். விடுதிக்கு மெடிகேர் தரும் பணமோ, வீட்டில் மருந்தேற்ற ஆகும் செலவைப்போல் பல மடங்கு!

சர்க்காருக்கும் நட்டம், நோயாளிக்கும் நட்டம். பிறகு ஏன் இப்படி?

கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். 1945 நவம்பரில், குடியரசுத் தலைவர் ட்ரூமன், நாட்டு மக்கள் அனைவருக்கும் சர்க்காரே மருத்துவக் காப்புறுதி நடத்த வேண்டும் என்று சட்டமன்றத்துக்கு எழுதினார். (அந்தச் சட்டமன்றத்துக்குக் காங்கிரஸ் என்று பெயர், நம் ஊர்க் காங்கிரசை எண்ணிக் குழம்ப வேண்டாம்.) சீறி எழுந்தது மருத்துவர் சங்கம். 'இது சமதர்ம மருத்துவம்!' என்று கூக்குரலிட்டது. பணத்தைக் கொட்டிப் பிரச்சாரம் செய்தது. திட்டம் மடிந்தது. இருபதாண்டு கழித்து, 1965 ஜூலை 30ஆம் நாள், ஜான்சன் முதியோருக்கு மட்டுமாவது அதைச் சட்டமாக்கினார். கையெழுத்திடத் தலைநகரில் உட்காரவில்லை. 81 வயது ட்ரூமனின் சொந்த ஊரான இண்டிபெண்டன்சுக்கே போய், அவர் கண்முன் கையெழுத்திட்டார். மெடிகேரின் முதல் அட்டை அந்த முதியவர் கைக்குத்தான் போயிற்று. தோற்றவர் கையில் வெற்றியைக் கொண்டுபோய்க் கொடுத்த அந்தப் பண்பு எனக்குப் பிடிக்கும், ஒளிக்காமல் சொல்கிறேன்.

அந்தச் சட்டத்தில் வீட்டில் மருந்தேற்றுவது பற்றி ஒரு சொல்லும் இல்லை. குற்றம் சொல்ல மாட்டேன், அன்று அந்த முறையே பரவியிருக்கவில்லை. ஆனால் பரவிய பிறகு? குடல் கெட்டவருக்கு இரத்தக் குழாய் வழியே வீட்டிலேயே ஊட்டம் தர வழி பிறந்தபோது, 'இது செயற்கைக் கை, செயற்கைக் கால் போல ஒரு செயற்கை உறுப்பு' என்று பொருள் சொல்லி மெடிகேர் ஏற்றுக்கொண்டது. நல்ல காரியம்! மனம் இருந்தபோது, ஊட்டக் குழாயும் உறுப்பாயிற்று. கிருமியைக் கொல்லும் மருந்து அதே குழாய் வழியே போனால் மட்டும் அது உறுப்பாகவில்லை.

1988ல் ஒரு வாய்ப்பு வந்தது. பெருநோய்ச் செலவுகளுக்காக மெடிகேரை விரிவாக்கிய சட்டத்தில், வீட்டில் இரத்தக் குழாய் வழி மருந்து என்பதும் ஒரு பிரிவாக நுழைந்தது. ரீகன் கையெழுத்திட்டார். 1990ல் தொடங்கவேண்டியது. ஆனால் செலவை எங்கிருந்து எடுப்பது? முதியோரிடமே! வருமான வரி கட்டும் முதியோர்மீது கூடுதல் வரி, ஆளுக்கு 800 டாலர் வரை. வசதியுள்ளோர்மீதுதான் அது முழுதாக விழும். ஆனால் ஒவ்வொரு முதியவரும் தம் தலையில்தான் என்று அஞ்சினார். 1989 ஆகஸ்டு 17. சிகாகோ நகரம். வரிக்குழுத் தலைவர் ரோஸ்டென்கோவ்ஸ்கி ஒரு கூட்டத்திலிருந்து வெளியே வருகிறார். பாட்டன்மாரும் பாட்டிமாரும் காரைச் சூழ்ந்துகொண்டார்கள்! கைத்தடியும் பதாகையுமாகக் காரைத் தட்டினார்கள். மகா வல்லமை படைத்த தலைவர், காரைவிட்டு இறங்கி, ஒரு பெட்ரோல் கடை வழியாக ஓட்டமும் நடையுமாகப் போய் வேறொரு மூலையில் காரைப் பிடித்தார். அந்தக் காட்சி தொலைக்காட்சியில் நாடெங்கும் ஓடிற்று. அதே ஆண்டு முடிவதற்குள் சட்டத்தை இரத்துச் செய்தார்கள். வரி போயிற்று, வரியோடு வீட்டு மருந்தும் போயிற்று. கிழவர்கள் கோபம் நியாயமானது, அதன் பலன் அநியாயமானது. தமக்கு எது கிடைக்கிறது என்பதை எவரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை. எது பறிபோகிறது என்பது மட்டும் காதில் விழுந்தது.

2006ல் மருந்துத் திட்டம் வந்தது. அது மருந்தோடு நின்றது. அதைத்தான் மேலே சொன்னேன்.

பிறகு 2016 டிசம்பர். ஒபாமா கையெழுத்திட்ட பெரிய மருத்துவச் சட்டம் ஒன்றிலே, முதன் முறையாக, வீட்டில் மருந்தேற்றும் பணிக்கென்றே தனிப் பிரிவு வந்தது. எல்லா மருந்துக்கும் அல்ல. வீட்டுப் பம்பு வழியே செலுத்தப்படுபவற்றில் மெடிகேர் ஏற்றுக்கொண்ட சிலவற்றுக்கு மட்டும். நம் டெட்ராய்ட் தோழரின் புண்ணுக்கான மருந்து, பம்பு இல்லாமலே இறங்கிவிடும் வகையானால், அவருக்கு அதிலும் இடமில்லை. இருந்தாலும் கதவு திறந்தது. இதயம் தளர்ந்து, இரவும் பகலும் பம்பு வழியே மருந்து ஓடினால்தான் மூச்சு என்ற நிலையில் இருப்போர், கைகொட்டி வரவேற்றிருப்பார்கள்.

திறந்த கதவுக்குப் பின்னே என்ன நடந்தது, பாருங்கள். அதே சட்டம் அந்த மருந்துகளின் விலையைக் குறைத்தது. பழைய விலை 2003ஆம் ஆண்டுப் பட்டியலில் இருந்து எடுத்தது. அதிகம்தான், மறுக்க மாட்டேன். ஆனால் அந்த உபரியிலிருந்துதான் கலப்பவருக்கும் கண்காணிப்பவருக்கும் கூலி போய்க்கொண்டிருந்தது. "விலையைக் குறைக்கிறோம், பணிக்குத் தனியே தருகிறோம்" என்றனர். நியாயம்! எப்போது குறைப்பு? 2017 ஜனவரி 1. எப்போது பணிக்கான வரவு? 2021 ஜனவரி 1! பறிப்பது கையெழுத்துக் காயும் முன்னே. கொடுப்பது நான்கு ஆண்டு பொறுத்து. கூச்சல் எழுந்த பிறகு, 2018ல் ஒரு சட்டம் செய்து, 2019 முதல் இடைக்கால உதவி என்று ஒட்டுப் போட்டனர். 'அகவிலைப்படி அடுத்த ஆண்டு, ஆட்குறைப்பு இன்றே' என்ற முதலாளியின் அறிவிப்பைப் படித்துப் பழகிய கண்களுக்கு இது புதிதாக இருக்காது.

அதன் பிறகுதான் வந்தது, நாள் எண்ணும் வேலை. பணம் நாட்கணக்கில் என்று சட்டம் சொல்லிற்று. எது நாள்? பயிற்சி பெற்றவர் வீட்டிலே பணி செய்யும் நாள் என்ற கருத்தில் சட்டத்தில் ஒரு வாசகம். விதி வகுக்கும் அலுவலகம் அதைப் பிடித்துக்கொண்டது. நர்சு நேரில் வந்து நிற்கும் நாள்தான் நாள் என்று பொருள் வைத்தது. அந்த உரையாடல் எப்படி இருந்திருக்கும் என்று நானே எழுதிப் பார்த்தேன்.

"ஐயா, திங்கட்கிழமை மருந்து கலந்தேன்."

"நர்சு வந்தாரா?"

"இல்லை. செவ்வாய், சோதனை முடிவைப் பார்த்து அளவை மாற்றினேன்."

"நர்சு?"

"வரவில்லை. புதன் இரவு இரண்டு மணிக்குப் பம்பு நின்றுவிட்டது. தொலைபேசியில் சொல்லிக் கொடுத்து ஓட வைத்தேன். நோயாளி பிழைத்தார்."

"மகிழ்ச்சி. நர்சு...?"

"வெள்ளிக்கிழமை வந்தார்."

"அப்படிச் சொல்லும்! ஒரு நாள். இந்தாரும் பணம்."

"மற்ற ஆறு நாளும் மருந்து ஓடிற்றே, ஐயா?"

"ஓடியிருக்கலாம். அவை நாள் அல்ல."

சிரிப்பு வருகிறதல்லவா? இதயத்துக்கு மருந்து ஓடும் வீட்டில் எவரும் சிரித்திருக்க மாட்டார்கள். ஒரு நாள் காசு வாங்கிக்கொண்டு ஏழு நாள் வேலை செய்யும் கடை எத்தனை நாள் திறந்திருக்கும்? 'மெடிகேர் நோயாளியா, எங்களிடம் இடமில்லை' என்று கையை விரிப்பார்கள். சட்டத்தில் உரிமை இருக்கும். ஊரில் அதைத் தருவதற்கு ஆள் இருக்காது.

சட்டத்துக்காகப் பாடுபட்ட உறுப்பினர்களே, 'எங்கள் கருத்து இதுவல்ல' என்றனர். 2020ல் வர்ஜீனியாவின் மார்க் வார்னரும் தென் கரோலினாவின் டிம் ஸ்காட்டும் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார்கள். ஒருவர் ஜனநாயகக் கட்சி, மற்றவர் குடியரசுக் கட்சி. வேறெதிலும் கைகோக்காத இரண்டு கட்சி. மருந்து உடலுக்குள் போகும் ஒவ்வொரு நாளையும், நர்சு வந்தாலும் வராவிட்டாலும், நாள் என்று எண்ணு என்பதே அதன் சாரம். 2021ல் மீண்டும் வந்தது. 2023ல் மீண்டும். 2025ல் மீண்டும். அந்த நாட்டுச் சட்டமன்றத்தில், இரண்டாண்டுக்குள் நிறைவேறாத மசோதா செத்துவிடும். புதிதாகப் பிறக்க வேண்டும். நான்கு பிறவி எடுத்தது, 'நாள்' என்ற ஒரே ஒரு சொல்லுக்காக.

எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு வாதம் உண்டு, அதை மறைப்பது நேர்மையல்ல. 'வீட்டுக்குள் நடப்பதை யார் பார்ப்பது? கலக்காத மருந்துக்கும் கணக்கு எழுதிவிடுவார்களே!' என்கின்றனர். வெறும் பயமல்ல அது. வீட்டு மருந்தேற்றத் தொழிலில் கொழுத்த பெரிய நிறுவனம் ஒன்று, நோயாளிகளை அனுப்பி வைக்க மருத்துவர்களுக்குக் கையூட்டுக் கொடுத்தது அம்பலமாகி, 1995ல் 16 கோடி டாலருக்கு மேல் கட்டிக் கணக்கைத் தீர்த்தது. இன்றும் ஏழு நாளுக்கும் பணம் கேட்டு முன்னால் நிற்பவர்கள் அந்தத் தொழிலின் சங்கத்தார்தான். நோயாளிமீது கொண்ட காதலால் மட்டும் அல்ல என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் திருடனைப் பிடிக்க வழியா இல்லை? மருந்து கலந்த ஏடு இருக்கிறது. எத்தனை மணிக்கு ஓடிற்று, எவ்வளவு ஓடிற்று என்று பம்பே எழுதி வைக்கிறது. இரத்தச் சோதனை முடிவு இருக்கிறது. அதிகாரி போய்ப் புரட்டிப் பார்க்கட்டும், பொய்க் கணக்கு எழுதியவனைக் கூண்டில் ஏற்றட்டும். வயலில் எலி புகுந்தால் எலியைப் பிடிப்பார்கள். பயிருக்குத் தண்ணீரை நிறுத்த மாட்டார்கள்.

எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றும் நான் சொல்ல வரவில்லை. தனியே இருக்கும் கிழவர், கண் தெரியாத கிழவி, வீடே இல்லாதவர். இவர்களுக்கு ஆஸ்பத்திரியும் விடுதியும்தான் துணை. இன்னொன்றும் உண்டு. அங்கேயும் சரி, எங்கேயும் சரி, 'வீட்டு மருத்துவம்' என்று வாய் இனிக்கச் சொல்லும்போது, கூலியில்லாமல் வேலை செய்பவள் வீட்டுக்காரி. குழாயைக் கழுவுவது அவள், மணி பார்ப்பது அவள், இரவில் பம்பின் சத்தத்துக்கு எழுவது அவள். சம்பளம் வாங்கும் உழைப்பையே எண்ணத் தெரியாத கணக்கு, அவள் உழைப்பை எங்கே எண்ணப் போகிறது!

மெடிகேரில் ஏறத்தாழப் பாதிப் பேர் இப்போது தனியார் நடத்தும் திட்டங்களில் இருக்கிறார்கள். அவற்றில் சில, வீட்டு மருந்தேற்றத்துக்கு முழுச் செலவும் தருகின்றன. 'பார்த்தீரா, தனியார் வந்தால் நன்மை!' என்று ஒரு கூட்டம் இதைக் காட்டுகிறது. தனியார் தருவது அவன் விருப்பம். இந்த ஆண்டு தருவான், அடுத்த ஆண்டு பட்டியலை மாற்றுவான். ஒரே அளவில் காசு கட்டிய இரு தொழிலாளிகளில், ஒருவர் வீட்டில் குணமடைவார், மற்றவர் விடுதியில் கிடப்பார். அந்த வேற்றுமையைத் துடைக்கத்தானே ட்ரூமன் அன்று எழுதினார்?

ஆகவே, 'நாள்' என்பதற்கு நேரான பொருள் எழுதப்பட வேண்டும். அதோடு, பம்பில் போனாலும் ரப்பர்ப் பையில் போனாலும், கிருமிக் கொல்லி மருந்தை வீட்டில் செலுத்த ஆகும் முழுச் செலவையும் அதே சட்டம் ஏற்க வேண்டும். இரண்டாவது இல்லாமல் முதலாவது மட்டும் வந்தால், இதய நோயாளிக்கு வழி பிறக்கும். காலில் புண்ணோடு இருக்கும் நம் தோழர் 21ஆம் நாள் காலையில் விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து, அன்றைய பங்குப் பணத்தை எங்கே புரட்டுவது என்று எண்ணிக்கொண்டுதான் இருப்பார்.